14 வயது ஹோண்டா சிட்டி காரை விற்றேன்: செலவு 8,190 ரூபாய், அதில் பாதி தண்டம்

2024 பிப்ரவரி 14, புதன்கிழமை, வளர்பிறை பஞ்சமி. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறப்பதற்குள் வண்டி வாசலை விட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று வாங்கியவர் சொல்லியிருந்தார், பதினொன்றரைக்கே போய்விட்டது. 2010 மார்ச்சில் எடுத்த ஹோண்டா சிட்டி. 1.5 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், வெள்ளி நிறம், டிஎன் 45 என்ற திருச்சிப் பதிவு, ஒரே ஓனர், 1,08,400 கிலோமீட்டர். நான் முதலில் கேட்டது 3,40,000, கைக்கு வந்தது 2,82,000. நடுவில் சரியாக எட்டு வாரம். அந்த எட்டு வாரத்தில் செய்த நல்ல வேலையையும் வெட்டி வேலையையும் சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். அடுத்து மனைவியின் ஸ்கூட்டரை விற்க வேண்டியிருக்கிறது, அதிலும் இதே கூத்தைத்தான் அடிப்பேன் என்று வீட்டில் இப்போதே பேச்சு.

விற்க முடிவு செய்ததும் முதலில் செய்த காரியம் சரியானது. ஒரு சனிக்கிழமை காலை வண்டியைக் கழுவி, நிழலில் நிறுத்தி, ஒரு நோட்டும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு வாங்க வந்தவன் மாதிரி சுற்றி வந்தேன். தப்பு தெரிந்த இடத்தில் எல்லாம் ஒரு கோடு. சுற்றி முடித்தபோது பதினேழு கோடு. பதினாலு வருடம் தினமும் பார்த்த வண்டி, இதில் பாதி என் கண்ணில் பட்டதே இல்லை.

பெரியவை மட்டும் சொல்கிறேன். இரண்டு முன் விளக்கும் மஞ்சள் பூத்து, ஆவி படிந்த கண்ணாடி மாதிரி. கூரையில், பின்பக்க ஓரத்தில், பெயிண்டுக்கு மேல் பூசியிருக்கும் கிளியர் கோட் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து வெளுத்திருந்தது. வெயிலில் நிறுத்தியதன் பலன் அது. இடது பின் கதவில் 38 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கீறல், எதிர்வீட்டு கேட்டின் தாழ்ப்பாள் 2019இல் போட்டது. பின் பம்பரின் வலது மூலை நசுங்கல். டிரைவர் பக்கக் கண்ணாடி ஏறும்போது பாதியில் மூச்சு வாங்கும். வேகத்தடையில் இறங்கினால் முன்னால் டக் டக் என்று ஒரு சத்தம். டயர் நாலிலும் பட்டன், அதாவது மேல் வரிப்பள்ளம், நன்றாகவே இருந்தது, ஆனால் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கம் 2318, அதாவது 2018இன் 23ஆவது வாரத்தில் தயாரானது. மீதியெல்லாம் சில்லறை.

இதோடு நிறுத்தி, நோட்டில் உள்ளதை அப்படியே விளம்பரத்தில் போட்டிருந்தால் நாலாயிரம் ரூபாய் மிச்சம். அது அப்போது தோன்றவில்லை.

விளக்கில் ஆரம்பித்தேன். கடையில் பாலிஷ் போட ஒரு விளக்குக்கு 600 கேட்டார்கள், நாமே செய்யலாம் என்று இறங்கினேன். வாட்டர் பேப்பர் 800, 1500, 2000, 3000 என நாலு நம்பர், எல்லாம் சேர்த்து 120 ரூபாய். ரப்பிங் காம்பவுண்ட் ஒரு சின்ன டப்பா 180. மாஸ்கிங் டேப் 60. கடைசியில் அடிக்க கிளியர் லாக்கர் ஸ்ப்ரே ஒரு கேன் 350. மொத்தம் 710.

இடது விளக்கில் அவசரப்பட்டேன். மஞ்சள் கெட்டியாக இருக்கிறதே என்று வீட்டில் கிடந்த, இன்னும் சொரசொரப்பான 400 நம்பர் தாளை எடுத்துத் தேய்த்துவிட்டேன். மஞ்சள் போனது வாஸ்தவம்தான், ஆனால் பிளாஸ்டிக்கில் ஆழமாகக் கோடு விழுந்து, அதை 800ஆல் அழிக்கவே ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வலது விளக்கை 800இலேயே தொடங்கினேன், மொத்தமே ஐம்பது நிமிடம். கையில் பிடித்த விஷயம் இரண்டு. ஒன்று, தாள் காயக் கூடாது. வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டுத் தாளை அதிலேயே ஊறப்போட்டு, விளக்கின் மேலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். வழிகிற தண்ணீர் முதலில் மோர்க்குழம்பு நிறத்தில் வரும், அது பால் மாதிரி வெளுக்கிற வரைக்கும் அந்த நம்பரை விடக் கூடாது. இரண்டு, ஒரு நம்பரைக் குறுக்காகத் தேய்த்தால் அடுத்ததை நெடுக்காகத் தேய்க்க வேண்டும், அப்போதுதான் பழைய கோடு போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். 3000 முடிந்ததும் விளக்கு மங்கலாகத்தான் இருக்கும், வயிற்றைக் கலக்கும், பயப்பட வேண்டாம். காம்பவுண்டை பழைய பனியன் துணியில் தொட்டுப் பத்து நிமிடம் தேய்த்தால் தெளிந்துவிடும். லாக்கர் அடிக்காமல் விட்டால் சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகும் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னதால் அதையும் அடித்தேன். காற்றில்லாத நேரமாகப் பார்த்து, மெல்லிசாக மூன்று தடவை, இடையில் பத்துப் பத்து நிமிடம் விட்டு.

வண்டிக்கு ஐந்து வயது குறைந்த மாதிரி இருந்தது. 710 ரூபாய்க்கு இதைவிட நல்ல வேலை ஒரு பழைய வண்டிக்குச் செய்ய முடியாது.

டிரைவர் பக்கக் கண்ணாடிக்கு மோட்டார் மாற்ற வேண்டும், 2,800 ஆகும் என்று ஒருவர் சொன்னார். நம் மெக்கானிக் அண்ணன் கண்ணாடி ஓடுகிற ரப்பர் பீடிங்கில் விரலை விட்டு இழுத்துக் காட்டினார், விரல் நுனியில் கரி மாதிரி புழுதி. ஈரத்துணியை ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலில் சுற்றி அந்தக் காடியை மேலிருந்து கீழ்வரை நாலைந்து முறை துடைத்து, காயவிட்டு, சிலிகான் ஸ்ப்ரே அடித்தேன். ஸ்ப்ரே 320 ரூபாய். எண்ணெய், கிரீஸ் எதுவும் போடக் கூடாது, ரப்பர் ஊதிவிடும், புழுதியும் இன்னும் ஒட்டும். கண்ணாடி சர்ரென்று ஏறியது. இத்தனை வருடம் இதை வைத்துக்கொண்டு ஏன் முனகிக்கொண்டிருந்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

டக் டக் சத்தம் முன் சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடு. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினோம், ஒன்று 780, கூலி 400, ஆக 1,960. உள்ளே சீட், மேட், கூரைத் துணி எல்லாம் சுத்தம் செய்ய 1,200. இதுவரைக்கும் சரி.

அப்புறம்தான் அந்தக் கீறல் உறுத்த ஆரம்பித்தது. விளக்கு பளபளவென்று ஆனதும் கதவுக் கீறல் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பால்பண்ணைப் பக்கம் ஒரு பட்டறையில் காட்டினேன், பட்டி வைத்துக் கதவு முழுக்க அடித்துத் தர 3,500, இரண்டு நாள். கலர் குறியீடு கதவுத் தூணில் ஸ்டிக்கரில் இருக்கிறது, என்ஹெச்700எம், அதைப் பார்த்துத்தான் கலந்தார். கவனக்குறைவு என்று அவரைச் சொல்ல முடியாது. வெள்ளி மெட்டாலிக் நிறத்தில் குறியீடு பொருந்தினால் போதாது, உள்ளே இருக்கும் மினுமினுப்புத் தூள் எந்தச் சாய்வில் படிகிறது என்பதைப் பொறுத்து சாயலே மாறும், போதாததற்கு பக்கத்துக் கதவு பதினாலு வருட வெயில் குடித்தது. பட்டறை நிழலில் பார்த்தபோது ஒன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தபோது பார்க்கிறேன், வெளுத்த வேட்டியில் கோடித் துணி ஒட்டுப்போட்ட மாதிரி அந்தக் கதவு மட்டும் தனியாக நிற்கிறது.

கீறல் இருந்தபோது அது வெறும் கீறல். பெயிண்ட் அடித்த பிறகு அது ஒரு கேள்விக்குறி ஆகிவிட்டது. இதன் விலை பின்னால் தெரிந்தது.

டிசம்பர் 20இல் விளம்பரம் போட்டேன், விலை 3,40,000. தேதியைக் கவனித்தவர்களுக்குப் புரிந்திருக்கும், அது மார்கழி நாலு. நம்மூரில் மார்கழியில் யார் வண்டி வாங்குவார்கள்? முதல் நாலு வாரத்தில் பதினோரு அழைப்பு. அதில் ஏழு பேர் "லாஸ்ட் பிரைஸ் என்ன சார்?" என்று கேட்டுவிட்டு வைத்தார்கள், மூன்று பேர் தை பிறக்கட்டும் என்றார்கள், ஒருவர் 1,50,000க்குத் தருவீர்களா என்று கேட்டார்.

அந்த வாரங்களில் மற்ற வழிகளையும் பார்த்தேன். இணையத்தில் வண்டி வாங்கும் ஒரு நிறுவனம் முதலில் திரையில் 2,90,000 வரை காட்டியது, ஆள் வந்து ஒரு மணி நேரம் பரிசோதித்துவிட்டுப் போன பிறகு 2,10,000 என்று வந்து நின்றது. ஊரில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கார் கன்சல்டிங்கில் 2,25,000, பணம் அன்றைக்கே. ஷோரூமில் புது வண்டி எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் 2,00,000, மேலே போனஸ் 20,000. கன்சல்டிங்காரர்கள் சொன்ன விலையில் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களுக்கும் லாபம் வேண்டும், நிறுத்தி வைக்க இடம் வேண்டும். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒருவர் சொன்ன வார்த்தை உதவியது: "சார், வண்டி சுத்தமா இருக்கு. ஆனா ஆர்சி அடுத்த வருஷம் மார்ச்ல முடியுதே." தனியார் வண்டிக்குப் பதிவு பதினைந்து வருடம், அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி, எஃப்சி என்ற தகுதிச் சான்று வாங்கி ஐந்து ஐந்து வருடமாக நீட்ட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ஆகியிருந்தது, அதோடு பசுமை வரி. வாங்குகிறவர் அதைக் கணக்குப் போட்டுத்தான் பேசுவார், நான் 3,40,000 போட்டபோது அதை நினைக்கவே இல்லை.

தை 2, ஜனவரி 16. விளம்பரத்தைத் திருத்தினேன். விலை 3,10,000. படங்களோடு குறைகளின் படத்தையும் போட்டேன்: கூரையில் உரிந்த இடம், பம்பர் மூலை, டயர் இலக்கம். ஆர்சி 2025 மார்ச் வரை என்று முதல் வரியிலேயே எழுதினேன். கதவு பெயிண்ட் அடித்தது என்பதையும் எழுதினேன், எழுதும்போது கை கொஞ்சம் கூசியது. அடுத்த மூன்று நாளில் எட்டு அழைப்பு, ஒருவர்கூட லாஸ்ட் பிரைஸ் கேட்கவில்லை. எப்போது வந்து பார்க்கலாம் என்றுதான் கேட்டார்கள்.

லால்குடியிலிருந்து ஒரு குடும்பம் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னது. நான் சும்மா இருந்திருக்கலாம். சனிக்கிழமை வாட்டர் வாஷ் போட்ட இடத்தில் "இன்ஜினும் அடிச்சிடலாமா சார், 500தான்" என்றதும் தலையாட்டினேன். பானெட்டைத் திறந்து பிரஷர் கன்னில் அடித்தார்கள், புதுசு மாதிரி ஆகிவிட்டது, ஓட்டி வந்தபோதும் ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. அவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தே விட்டார்கள், பாதி வியாபாரம் முடிந்த மாதிரி இருந்தது. சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது, பிடித்த உடனே உடம்பு குலுங்கியது. ஸ்டியரிங்கில் வைத்த அவர் கை ஆடுவது எனக்குத் தெரிந்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. "மிஸ்ஸிங் அடிக்குது போல" என்று அவரே மெதுவாகச் சொன்னார், ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். இன்ஜின் கழுவினேன், தண்ணீர் போயிருக்கும் என்றேன். உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் யார் சொன்னாலும் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும். காபி குடித்துவிட்டுப் போனார்கள், அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

அவர்கள் போனதும் மேல் மூடியைக் கழற்றினேன். இதில் நாலு சிலிண்டருக்கும் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் தனித்தனி, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு போல்ட் பிடித்திருக்கும், 10 மி.மீ. ஸ்பேனர் போதும். கனெக்டரின் நாக்கை அமுக்கி உருவிவிட்டு, போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாகத் திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். முதல் இரண்டும் உலர்ந்திருந்தன. மூன்றாவதைத் தூக்கும்போதே ரப்பர் குழாயின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கியது, டார்ச் அடித்துப் பார்த்தால் பிளக் குழியில் அரை அங்குலத்துக்குத் தண்ணீர், அதில் என் டார்ச் வெளிச்சம் மின்னுகிறது. பிளக்கைக் கழற்றினால் அது உள்ளே இறங்கிவிடும், அதனால் முதலில் பழைய துணியைக் கம்பியில் சுற்றி ஒற்றி எடுத்து, பிறகு பக்கத்து பஞ்சர் கடையிலிருந்து காற்றுப் பிடித்து ஊதி, காயிலை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துத் திரும்ப மாட்டினேன். ஓட்டினேன், குலுக்கல் போய்விட்டது, விளக்கும் அணைந்தது. ஒரு ஞாயிறும் ஒரு வாடிக்கையாளரும் 500 ரூபாயும் போச்சு. பழைய வண்டியின் இன்ஜினில் புழுதி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உலர்ந்த பிரஷ்ஷும் ஈரத்துணியும் போதும்.

வாங்கினவர் அடுத்த ஞாயிறு, 28ஆம் தேதி, வந்தார். வயலூர் ரோட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கூடவே அவர் மகனும் ஒரு வயசான மெக்கானிக்கும். அந்த மெக்கானிக் வேலை பார்த்த விதத்துக்கு நான் காசு கொடுத்துப் பார்த்திருப்பேன். வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார், நான் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருக்கிறேனா என்று பார்க்கிறார். பானெட் கீல் போல்ட்டிலும் பெண்டர் போல்ட்டிலும் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்த்தார். ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைத் தடவினார். டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி குழியைச் சுற்றி வெல்டிங் அடையாளம் தேடினார். அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து, வெளியே வந்த கடைசி ஒரு அடியை விரலால் தேய்த்து, மோந்தும் பார்த்தார்.

எனக்குப் புரியவில்லை. "வெள்ளத்துல நின்ன வண்டின்னா இங்க சேறு இருக்கும் தம்பி, இதை யாரும் கழுவ மாட்டாங்க" என்றார். டிசம்பரில்தான் முதல் வாரம் சென்னையும் மூணாவது வாரம் நெல்லை, தூத்துக்குடியும் மூழ்கி எழுந்திருந்தன, அந்த வண்டிகள் எல்லாம் எங்கே போய் விற்பனைக்கு வரும் என்ற பயம் அவர்களுக்கு. என் வண்டி பிழைத்தது ஃபைலால். பதினாலு வருட சர்வீஸ் பில் எல்லாமே திருச்சி பில், தேதி வாரியாக, கிலோமீட்டரோடு. 2023 டிசம்பரில் லிங்க் ராடு மாற்றிய பில்லும் இங்கேதான். மகன் போனில் சேஸிஸ் நம்பரைப் போட்டு ஏர்பேக் ரீகால் பார்த்தார். என் வண்டி தயாரான வருடத்து சிட்டிகளுக்கு டிரைவர் பக்க ஏர்பேக்கை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டரை இலவசமாக மாற்றித் தரும் அழைப்பு 2015இல் வந்தது, மாற்றிய தாளும் ஃபைலில் இருந்தது.

எல்லாம் முடிந்து மெக்கானிக் இடது பின் கதவுக்கு வந்தார். கதவின் ஓரத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். பீடிங் ரப்பரைப் பிரித்தார், அதன் மடிப்பில் கடுகளவு வெள்ளி நிறச் சொட்டு. "இது அடி வாங்கின கதவா?" கீறல் மட்டும்தான் என்றேன். வாங்க வந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையை லால்குடிக்காரரிடம் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மனைவிதான் காப்பாற்றினாள். 2019இல் கீறல் விழுந்த அன்றைக்கு, இதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு அவள் தம்பிக்கு அனுப்பிய படம் அவள் வாட்ஸ்அப்பில் இருந்தது. தேதியோடு, பக்கத்தில் அந்தக் கேட்டும் தெரிகிற படம். மெக்கானிக் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதுக்கா தம்பி கதவு முழுக்க அடிச்சீங்க?" 3,500 ரூபாய் கொடுத்து வாங்கிய கேள்வி அது.

கரூர் பைபாஸ் ரோட்டில் குடமுருட்டிப் பக்கம் வரை ஓட்டிவிட்டு வந்தார்கள், கூரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. விளம்பரத்தில் படம் போட்டாகிவிட்டது, அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பேரம் டயரில் ஆரம்பித்தது. ஆறு வருட டயர், 175/65 ஆர்15, நாலு போட 20,000 என்றார்கள், மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆர்சி புதுப்பிக்க 8,000 என்றார்கள், அதுவும் சரி. 3,10,000இல் இரண்டையும் கழித்து 2,82,000. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அட்வான்ஸ் 10,000 ஜிபேயில் வந்தது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். அன்று ராத்திரி மகன் கூப்பிட்டார்: "சார், எம்பரிவாகன்ல பார்த்தேன், ஆர்சில ஹெச்பி இன்னும் இருக்கே?" எம்பரிவாகன் வண்டியின் பதிவு விவரத்தைக் காட்டும் அரசு ஆப், ஹெச்பி என்றால் வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு. என் கடன் 2015இலேயே முடிந்துவிட்டது. கடன் பாக்கி இல்லை என்று வங்கி கொடுத்த என்ஓசியும், அந்தக் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35உம் ஃபைலில் பத்திரமாக இருந்தன, ஆர்டிஓவில் கொடுத்து ஆர்சியில் அடிக்கத்தான் மறந்துபோனேன். ஒன்பது வருடப் பழைய என்ஓசி செல்லாது, புதிது வேண்டும். கிளையில் போய்க் கேட்டால் கணக்கு இப்போது வேறு கிளைக்குப் போயிருக்கிறது என்றார்கள், அங்கே போனால் மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்றார்கள். பதினோரு நாள், நாலு நடை. வாங்கியவர் நல்ல மனிதர், காத்திருந்தார், இல்லாவிட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருப்பேன். கடன் முடிந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் இப்போதே ஆர்சியை எடுத்துப் பாருங்கள்.

அந்த இடைவெளியில் மற்றவற்றை முடித்தேன். சிக்னல் தாண்டியதற்கு ஒரு பழைய இ-சலான் நிலுவையில் இருந்தது, கட்டினேன். இரண்டாவது சாவியை வீடெல்லாம் தேடி, கடைசியில் பூஜை அறை இழுப்பறையில் கற்பூர டப்பாவுக்கு அடியில் கண்டெடுத்தோம். இன்சூரன்ஸில் என் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி, 50 சதவீதம் ஏறியிருந்தது. அது வண்டிக்கு உரியது அல்ல, எனக்கு உரியது, அதனால் பாலிசியை அவர் பெயருக்கு மாற்றும்போது எனக்கென்று தனியாக ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று வருடத்துக்குள் வேறு வண்டி எடுத்தால் அது உதவும். போனஸ் போனதால் வருகிற பிரீமியம் வித்தியாசத்தை அவர்தான் கட்ட வேண்டும். இதை விலை பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டதால் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு நகல், படிவம் 30. ஒரு புரோக்கர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார், மாட்டேன் என்றேன். பெயர் மாறாத வரைக்கும் சட்டத்தின் கண்ணில் வண்டி என்னுடையதுதான். பல கை மாறிய பிறகு ஒரு வண்டி விபத்து செய்த வழக்கில், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் ஹெச்பி ரத்தையும் பெயர் மாற்றத்தையும் சேர்த்தே விண்ணப்பித்து, ஒப்புதல் சீட்டு கையில் வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். டெலிவரி நோட் ஒன்றும் எழுதிக்கொண்டோம், தேதி மட்டும் இல்லாமல் மணி நிமிடத்தோடு, கிலோமீட்டரோடு, இரண்டு பேர் கையெழுத்தோடு.

கணக்கு இது. விளக்கு 710, சிலிகான் 320, லிங்க் ராடு 1,960, உள் சுத்தம் 1,200, கதவு 3,500, இன்ஜின் வாஷ் 500. ஆக 8,190. கடைசி இரண்டும் சேர்ந்து 4,000, அந்த நாலாயிரத்தால் ஒரு ஆளை இழந்தேன், இன்னொரு ஆளைக் கிட்டத்தட்ட இழந்தேன். முதல் நாலும் சேர்ந்து 4,190, அவற்றைப் பற்றி வந்தவர்களில் யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டிப் பார்த்தபோது சத்தம் இல்லை, கண்ணாடி ஏறியது, கேட்க ஒன்றும் இருக்கவில்லை. கன்சல்டிங் விலையோடு ஒப்பிட்டால் 57,000 கூட, எட்டு வார அலைச்சலுக்கு அது கூலியா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன், அந்தப் பதினோரு நாள் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

ஸ்கூட்டருக்கு முதலில் ஆர்சியை எடுத்துப் பார்ப்பேன், அப்புறம் சாக்பீஸ். மார்கழியில் போட மாட்டேன். பெயிண்டர் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலை காய் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. சமயபுரம் டோல்கேட்டில் என் கணக்கிலிருந்து பணம் கழிந்திருக்கிறது. ஃபாஸ்டேக்! எல்லாவற்றையும் எழுதி டிக் அடித்த அந்த நோட்டில் அது இல்லவே இல்லை. பெரியவரைக் கூப்பிட்டேன். பெரம்பலூரில் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார், வண்டி ஓடுகிற சத்தம்கூடக் கேட்காமல் போகிறது என்றார், அப்புறம் டோல் காசை உடனே அனுப்பிவிடுவதாகவும், திரும்பி வரும்போது எதைக் காட்டுவது என்றும் கேட்டார். இன்றைக்கு ஒரு நாள் அதிலேயே வாருங்கள் சார் என்றேன். ராத்திரி அவர் வீடு சேர்ந்ததும் டேக்கை மூடினேன்.